குளிர்காலத்தில் குரோஷே பொம்மை: வீட்டிலும் மலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உல்லன் நூலையும் முனையில் கொக்கியுள்ள குரோஷே ஊசியையும் கையில் எடுக்கும் ஆசை பலருக்கு மார்கழிக் குளிரோடு சேர்ந்தே வருகிறது. அரையாண்டு விடுமுறையில் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ கிளம்பும்போது பாதி பின்னிய பொம்மையும் பையில் ஏறிக்கொள்கிறது. ஜப்பானில் அமிகுருமி என்ற பெயரில் வளர்ந்து உலகெங்கும் பரவியிருக்கும் இந்தச் சிறு பொம்மைகளைப் பின்னுவதற்கு மிகச் சில கண்ணிகளே (ஊசியால் நூலை இழுத்துப் போடும் வளையங்கள்) தெரிந்திருந்தால் போதும். செயின், சிங்கிள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிட்ச், கூட்டுதல், குறைத்தல் ஆகியவை கைவந்துவிட்டால் ஏறக்குறைய எந்தப் பொம்மையையும் பின்னிவிடலாம். அப்படியிருந்தும், முடிந்த பொம்மையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தும், கண்ணிகளுக்கிடையே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டும் இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. என் கணிப்பில், கண்ணி போடத் தெரியாததால் கெட்டுப்போகும் பொம்மைகள் குறைவு. எந்த வேலையை எப்போது, எங்கே உட்கார்ந்து செய்வது என்பதைத் தவறாக முடிவு செய்வதால் கெட்டுப்போகும் பொம்மைகளே அதிகம். இதை விளக்க, தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டை உள்ளங்கையில் அடங்கும் பொம்மையாகப் பின்னுவதாக வைத்துக்கொள்வோம்.

நூலும் ஊசியும்

நூல்கண்டைச் சுற்றியுள்ள காகிதத்தில் 4 மி.மீ. ஊசி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே அளவில் ஊசி வாங்குவதுதான் பொம்மை பின்னுவோர் செய்யும் முதல் தவறு. அந்த அளவு ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் உரியது. அவை உடலோடு குழைந்து தொங்க வேண்டும் என்பதால் கண்ணிகள் சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். பொம்மைக்கோ, உள்ளே அடைக்கும் பஞ்சின் அழுத்தத்தைத் தாங்கி வடிவத்தைப் பிடித்துவைக்கும் இறுக்கமான துணி தேவைப்படுகிறது. ஆகவே 4 மி.மீ. பரிந்துரைக்கப்பட்ட நூலுக்கு 2.5 அல்லது 3 மி.மீ. ஊசியே பொருத்தமாக இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் ஊசி முனை நூலின் இழைகளைப் பிரித்துக்கொண்டு உள்ளே போகும். மணிக்கட்டும் விரைவில் வலிக்கத் தொடங்கும். எது சரியான அளவு என்பதை அறிய, 24 கண்ணி வரை கூட்டி, சில சுற்றுகள் நேராகப் பின்னி, பிறகு குறைத்து ஒரு சிறு உருண்டையைச் செய்து, பஞ்சடைத்து, இரு கட்டைவிரல்களாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் ஊசி பெரிது. இந்த உருண்டை வீணாகப் போவதில்லை. நூல் கட்டி வாலும் காதும் வைத்துவிட்டால் சாவிக்கொத்துக்கு ஆகும்.

நூலைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆசை முந்திக்கொள்கிறது. வெல்வெட் நூலிலும் முடி முடியாக நிற்கும் ஃபர் நூலிலும் பின்னிய பொம்மை பார்க்க மிக அழகாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும், தவறினால் பிரிப்பதும் கடினம். முதல் சில பொம்மைகளுக்கு வழவழப்பான, வெளிர் நிறமுள்ள, சீராக முறுக்கப்பட்ட அக்ரிலிக் நூலோ மில்க் காட்டன் நூலோ எடுப்பதே நல்லது. வரையாட்டுக்கு வெளிர் சாம்பலும் பழுப்பும் போதும், கருப்பு நூல் கொம்புக்கும் குளம்புக்கும் மட்டும் வந்தால் போதும். ஒரே பொம்மைக்கு இரண்டு நிறுவனங்களின் நூலைக் கலப்பவர்கள் அவற்றின் தடிமன் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டும் 4 பிளை என்றே எழுதியிருந்தாலும் கையில் வேறுபடும். உடலுக்கு ஒன்றும் தலைக்கு மற்றொன்றும் எடுத்தால், ஒரே கண்ணிக் கணக்கில் பின்னிய இரண்டும் வெவ்வேறு அளவில் வந்து நிற்கும். அடர்சிவப்புப் பருத்தி நூலை வெள்ளையோடு சேர்ப்பவர்கள், ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே பெயர், இரண்டு கண்ணிகள்

அமெரிக்கச் செய்முறைக் குறிப்புகளில் சிங்கிள் குரோஷே என்று சொல்லப்படும் கண்ணியையே பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கர் டபுள் என்பதற்கு பிரிட்டனில் ட்ரெபிள் என்று பெயர். பாட்டியிடமும் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களிலும் கற்றவர்கள் யூடியூப் காணொளியைப் பின்பற்றும்போது, அல்லது காணொளியில் கற்றவர்கள் பழைய புத்தகத்தைத் திறக்கும்போது, இந்தக் குழப்பம் தவறாமல் நேர்கிறது. விளைவு விநோதமானது: பந்துபோல வர வேண்டிய தலை, இரு மடங்கு உயரமுள்ள கண்ணிகளால் நீண்டு, ஓட்டை ஓட்டையாக நிற்கும். குறிப்பின் தொடக்கத்தில் எந்த நாட்டு வழக்கு என்று எழுதியிருக்கும். எழுதப்படாவிட்டால் ஓர் எளிய சோதனை உண்டு: சிங்கிள் குரோஷே என்ற பெயர் அந்தக் குறிப்பில் எங்காவது வந்தால் அது அமெரிக்க வழக்கு, ஏனெனில் பிரிட்டிஷ் வழக்கில் அப்பெயர் ஏறக்குறைய வழங்குவதே இல்லை.

எண்ணிக்கை என்னும் முதுகெலும்பு

பொம்மை பெரும்பாலும் சுருள் சுருளாகப் பின்னப்படுகிறது. இழுத்தால் இறுகும் மேஜிக் ரிங் என்ற நூல் வளையத்தில் 6 கண்ணிகள், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24, 30, 36 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால் தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டுவதை நிறுத்தி நேராகப் பின்னினால் சுவர் எழும்பும். அதே கணக்கில் குறைத்தால் மூடிக்கொள்ளும். வரையாட்டின் தலைக்கு 36 என்று வைத்துக்கொண்டால், அந்த எண்ணில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அப்போது தெரியாது. குறைக்கத் தொடங்கிய பிறகு, கடைசிச் சுற்றில் மிஞ்சும் ஒற்றைக் கண்ணியாக அது தலைகாட்டும். அந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணியைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தலைக்குப் பின்புறத்தில் அது செல்லும், மூக்கருகே செல்லாது.

சுருளாகப் பின்னும்போது சுற்று எங்கே தொடங்கியது என்பதை நூலே காட்டிக்கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு குறி வேண்டும். ஸ்டிட்ச் மார்க்கர் கிடைக்காவிட்டால் சிறிய ஊக்கு போதும். அடுத்த சுற்றைத் தொடங்கியதும் ஊக்கை எடுத்துப் புதிய முதல் கண்ணியில் மாட்ட வேண்டும். முந்தைய சுற்றின் கடைசிக் கண்ணியில் ஒருமுறையும் புதிய சுற்றின் முதல் கண்ணியில் மறுமுறையும் மாட்டுவது, குறியே இல்லாமல் பின்னுவதைவிடக் கெடுதலானது, ஏனெனில் தவறான எண்ணிக்கையைச் சரி என்று நம்ப வைத்துவிடும். சால்வை பின்னிப் பழகியவர்கள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு இணைப்பார்கள். பொம்மையின் முகத்தில் அது தழும்புபோல ஒரு கோடாகத் தெரியும் என்பதால், குறிப்பில் கேட்டிருந்தாலன்றி இணைக்காமல் தொடர்வதே வழக்கம். கூட்டல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஒன்றுவிட்ட சுற்றுகளில் கூட்டும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் உருண்டை உருண்டையாகவே இருக்கும்.

நீலகிரியின் தோடர் இனப் பெண்கள், துணியில் எந்தக் கோட்டையும் வரைந்துகொள்ளாமல், நெய்த இழைகளை எண்ணியே சிவப்பும் கருப்புமாக எம்பிராய்டரி செய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாட்டை அருகில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, எண்ணிக்கை என்பது கைவேலைக்கு வெளியே இருக்கும் கணக்கு அன்று, அதுவேதான் வேலை என்பது புரியும்.

சிங்கிள் குரோஷேயைச் சுருளாகப் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணிக்கு நேர் மேலே அமராமல் சற்றே பக்கவாட்டில் விலகி அமர்கிறது. பத்துப் பதினைந்து சுற்றுகளில் இந்த விலகல் சேர்ந்து, தொடக்கத்தில் நடுவயிறாக இருந்த இடம் விலாப்பக்கம் போய்விடும். கால்களை ஐந்தாம் கண்ணியிலும் இருபதாம் கண்ணியிலும் பொருத்துக என்று குறிப்பு சொல்வதை அப்படியே நம்பாமல், உடலைப் பின்னிப் பஞ்சடைத்த பிறகு கண்ணால் பார்த்து இடம் குறிப்பதுதான் பாதுகாப்பானது.

உள்ளும் புறமும்

மேஜிக் ரிங்கில் தொடங்கி நாலைந்து சுற்று போனதும் பின்னல் கிண்ணம்போலக் குவியும். எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கநிலையினர் பலர் கவனிப்பதில்லை. வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் சிறிய V வடிவில் தெரியும். உட்பக்கத்தில் V-களோடு படுக்கைவாட்டில் சிறு கோடுகளும் தெரியும். தலை ஒரு பக்கமும் உடல் மறு பக்கமும் வெளியே வந்துவிட்டால் இரண்டும் இரண்டு பொம்மைகளிலிருந்து வெட்டி ஒட்டியவைபோலத் தோன்றும். நூலை ஊசியின் மேலாகச் சுற்றி இழுப்பதற்கும் கீழாகப் பற்றி இழுப்பதற்கும் இதேபோல வேறுபாடு உண்டு: கீழாகப் பற்றினால் கண்ணி பெருக்கல் குறிபோல் குறுகி இறுகும். இரண்டில் எதுவும் தவறன்று, ஆனால் ஒரே பொம்மையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் இரண்டு இழைகளையும் கோத்தால் அந்த இடத்தில் சிறு முடிச்சும் அதன் ஓரத்தில் ஓட்டையும் விழும். இரண்டு கண்ணிகளிலும் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுத்துப் பின்னினால், குறைத்த இடமே தெரியாது. வரையாட்டின் மூக்குப் பகுதி கண்ணில் படும் இடம் என்பதால் அங்கே இது மிக முக்கியம்.

கண்களும் குழந்தைகளும்

திருகாணிபோல் பின்புறம் வாஷர் வைத்து அழுத்தும் சேஃப்டி கண்களை ஒருமுறை பூட்டிவிட்டால் கழற்ற முடியாது. தலை முழுவதையும் பின்னி மூடிய பிறகு கண் வைக்க நினைவு வருவது ஒரு தவறு என்றால், தலை தட்டையாக இருக்கும்போதே இடம் குறித்துப் பூட்டிவிடுவது இன்னொரு தவறு. கொஞ்சம் பஞ்சைத் தற்காலிகமாக உள்ளே வைத்து, குண்டூசியால் இடம் குறித்து, எட்டி நின்று பார்த்து, பஞ்சை எடுத்துவிட்டுப் பூட்டுவதே முறை. வரையாட்டின் கண்கள் முகத்தின் பக்கவாட்டில் இருக்கும். மனிதப் பொம்மையின் பழக்கத்தில் அவற்றை முன்னால் வைத்தால் ஆடு குரங்காகிவிடும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பெயரில் சேஃப்டி இருந்தாலும் அந்தக் கண்கள் வேண்டாம். கண்ணி தளரும்போது வாஷரோடு சேர்ந்தே வெளியே வந்துவிடக்கூடிய சிறு பொருள் அது. குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கருப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுவதே சரி. மணி, பொத்தான், கழுத்தில் கட்டும் நீள ரிப்பன் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். விற்பனைக்காகப் பின்னுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை தேவை. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. கையால் பின்னியது என்ற ஒரே காரணத்தால் விலக்கு தானாகக் கிடைத்துவிடுவதில்லை; பதிவு வேண்டும்.

பஞ்சடைப்பு

வீட்டில் கிழிந்த தலையணை இருக்கிறதே என்று இலவம்பஞ்சை எடுத்து அடைப்பவர்கள் உண்டு. இலவம்பஞ்சின் இழை மிக நுண்மையானது, வழுக்கும் தன்மையுள்ளது. பின்னலின் இடைவெளிகளில் கசிந்து பொம்மையின் மேல் தூசிபோலப் படியும், பின்னுகிறவரின் மூக்கிலும் ஏறும். சாதாரணப் பருத்திப் பஞ்சு துவைத்ததும் கட்டி கட்டியாகத் திரண்டு, ஈரத்தையும் எளிதில் விடாது. பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சுதான் இதற்கு ஏற்றது. வெட்டிய நூல் துண்டுகளை அடைக்கும் சிக்கன வழியும் பரவலாக இருக்கிறது. சாம்பல் நிற ஆட்டின் வயிற்றுக்குள்ளிருந்து சிவப்பு நூல் தெரிவதைப் பொருட்படுத்தாதவர்கள் அதைச் செய்யலாம்.

எந்தப் பஞ்சாக இருந்தாலும் ஒரு கைப்பிடியை உருட்டித் திணிப்பதுதான் பொம்மையை மேடு பள்ளமாக்குகிறது. பஞ்சை விரல்களால் பிய்த்துப் பறக்கும்படி இளக்கி, நெல்லிக்காய் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, முதலில் ஓரங்களிலும் பிறகு நடுவிலுமாக வைத்துக்கொண்டு வர வேண்டும். வாய் குறுகிப்போன பிறகு அடைக்கத் தொடங்குவது வீண் போராட்டம். 36 கண்ணித் தலையில் குறைத்துக்கொண்டு வந்து 18 கண்ணி மீதமிருக்கும்போதே பெரும்பகுதியை அடைத்துவிட்டு, அடுத்த இரண்டு சுற்றுகளிலும் பெயின்ட் பிரஷ்ஷின் பின்முனையால் சிறிது சிறிதாகத் தள்ளி நிரப்பலாம். அளவு மீறி அடைத்தால் கண்ணிகள் வாய் திறந்துவிடும். கழுத்துக்கு மட்டும் இந்த எச்சரிக்கை செல்லாது. அங்கே கெட்டியாக அடைக்காத பொம்மையின் தலை ஒரு வாரத்தில் மார்பில் சாயும். வரையாட்டின் நான்கு கால்களும் அப்படியே. நிற்க வேண்டிய கால் தளர்ந்தால் ஆடு படுத்துக்கொள்ளும்.

கொம்பு, கால், இணைப்பு

ஆண், பெண் இரண்டு வரையாட்டுக்கும் கொம்பு உண்டு. இரண்டும் பின்னோக்கி வளைந்திருக்கும். நேரான குழாயாகப் பின்னி உள்ளே கம்பியை நுழைத்து வளைப்பது குறுக்கு வழி. அந்தக் கம்பி என்றாவது ஒருநாள் முனையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கம்பியில்லாமலே வளைக்கலாம்: ஒவ்வொரு சுற்றிலும் கொம்பின் வெளிப்பக்கத்தில் உயரமான கண்ணிகளையும் (அமெரிக்க வழக்கில் ஹாஃப் டபுள்) உட்பக்கத்தில் ஸ்லிப் ஸ்டிட்ச்சுகளையும் போட்டுக்கொண்டு வந்தால், குட்டையான பக்கத்தை நோக்கிக் குழாய் தானாக வளைந்துகொள்ளும். கருப்பு நூலில் இதைச் செய்வதால் பகல் வெளிச்சம் கட்டாயம் தேவை. முதிர்ந்த ஆணைப் பின்னுகிறவர்கள் முதுகில் வெளிறிய சேணத் திட்டு ஒன்றையும் வைக்கலாம். நிறம் மாற்றும்போது முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பையே புதிய நிறத்தில் இழுக்க வேண்டும். கண்ணியை முடித்துவிட்டு மாற்றினால் அடுத்த கண்ணியின் தலையில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கை கால்களைப் பின்னி முடித்ததும் நூலை விரலளவுக்கு விட்டு வெட்டிவிடுவது பிறகு வருந்தவைக்கும் அவசரம். ஒரு முழ நீளமாவது விட்டு வெட்டினால் அந்த நூலாலேயே தைத்துவிடலாம். தைப்பதற்கு முன்பு நான்கு கால்களையும் குண்டூசியால் குத்தி, மேசையில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கால் தரையில் பட்டு ஒன்று அந்தரத்தில் நின்றால், நகர்த்த வேண்டிய நேரம் அதுதான். தைத்து முடித்த பின், குத்திய குண்டூசிகளை எண்ணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மலைக்கு எடுத்துச்செல்லும் வேலை

விடுமுறைப் பயணத்தில் பின்னலாம் என்று நினைப்பவர்களில் பலர், இன்னும் தொடங்காத பொம்மையின் நூல், ஊசி, கண், பஞ்சு அனைத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஆட்டம் காணும் வண்டியில் மேஜிக் ரிங் போடுவதும், மூடுபனியில் கண் பொருத்தும் இடத்தைக் கணிப்பதும், பூங்கா பெஞ்சில் குண்டூசிகளைப் பரப்பிக்கொண்டு கால் தைப்பதும் நடக்காத காரியங்கள். வெளியே எடுத்துச்செல்லத் தக்கது எண்ண வேண்டிய அவசியம் குறைந்த வேலை மட்டுமே. வரையாட்டில் அது கால்களும் உடலும். வீட்டிலேயே மேஜிக் ரிங்கையும் கூட்டல் சுற்றுகளையும் முடித்து, 12 கண்ணியில் நேராகப் பின்ன வேண்டிய குழாய் நிலைக்கு வந்த கால்களை ஒரு ஜிப் பையில் போட்டு, எத்தனை சுற்று பின்ன வேண்டும் என்று எழுதிய சீட்டையும் வைத்துக்கொண்டால் போதும். முகமும் தையலும் வீட்டு மேசைக்கு உரியவை.

வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குனிந்து ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு அவற்றைக் கடப்பவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் நிச்சயம். அதே பாதையின் வளைவுகளில்தான் பாறை விளிம்பில் நிற்கும் வரையாடுகளை வண்டியிலிருந்தே பார்க்கவும் வாய்க்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் மலை ரயில் 46 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது, ஆகவே அதில் பின்னலாம் என்று தோன்றும். அதன் 16 சுரங்கங்களில் ஒவ்வொன்றிலும் இருட்டில் கண்ணி நழுவும். தவிரவும், 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில் கல்லாறுக்கு மேலே ஜன்னலை விட்டுவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது? நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ச் சரிவைத் தாக்கும்போது மண்சரிவால் இந்த ரயில் அடிக்கடி ரத்தாவதையும் மனதில் வைத்துப் பயணத்தை டிசம்பர் பிற்பகுதிக்கோ ஜனவரிக்கோ தள்ளுவது நல்லது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. போகும் நேரத்தில் விதி என்ன என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலையில் கையும் மாறும். குளிரில் விறைத்த விரல்கள் தம்மையறியாமல் நூலை இறுக்கிப் பிடிக்கின்றன. இரண்டு கால்களை வீட்டிலும் இரண்டு கால்களை ஊட்டி விடுதியின் வராந்தாவிலும் பின்னினால், சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் மலையில் பின்னியவை மெலிந்து குட்டையாக இருக்கும். ஆகவே நான்கு கால்களையும் ஒரே இடத்தில் பின்னிவிடுவது, அல்லது விரல் நுனி திறந்த கையுறை அணிந்து, வெயில் ஏறிய பிறகு தொடங்குவது உதவும். அலுமினிய ஊசி உடல் சூட்டை உறிஞ்சிச் சில்லிட்டுப்போகும். மூங்கில் பிடியுள்ள ஊசி அப்படிச் செய்யாது. இங்கே ஓர் எச்சரிக்கை: குளிர்காலத்து ஊட்டியில் விடியலில் வெப்பம் சுழியத்தைத் தொட்டாலும் நண்பகலில் 20 டிகிரியை நெருங்கும். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பி வருபவர்கள் நடந்து வியர்த்து, மாலையில் அந்த ஈரத்தோடு நடுங்குவார்கள். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிந்து வேளைக்கேற்பக் கழற்றிக்கொள்வதே சரி.

உறைபனியைப் பார்க்கப் போகிறவர்கள் தொட்டபெட்டா போன்ற உயரமான இடத்துக்கு ஏறுவது இன்னொரு பொதுவான பிழை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் வெப்பத்தை இழக்கும்போது, அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, பள்ளங்களை நோக்கி இறங்குகிறது. ஆகவே தலைகுந்தா, காந்தல், ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான வெளிகளில்தான் விடியலில் புல் வெள்ளை பூக்கிறது. அந்தப் புல்லின் மேல் பொம்மையை நிறுத்திப் படமெடுக்கும் ஆசை இயல்பானது. ஆனால் உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்கள் உடைந்து, அடுத்த நாட்களில் காலடித் தடம் பழுப்பாகக் கருகித் தெரியும். பாதையின் ஓரத்தில் நின்று கைநீட்டி வைத்தால் போதும். பொம்மையின் கீழே சிறு பிளாஸ்டிக் ஷீட்டையோ பலகைத் துண்டையோ வைக்காவிட்டால் உருகிய பனி பாதம் வழியே பஞ்சுக்குள் ஏறும்.

உண்மையான வரையாட்டையும் பின்னிய வரையாட்டையும் ஒரே படத்தில் கொண்டுவர அருகே நெருங்குவதும், வரவழைக்கத் தின்பண்டம் நீட்டுவதும் கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. பொம்மையைக் காருக்குள் கண்ணாடியோரம் பிடித்துக்கொண்டு, ஆடு தொலைவில் இருக்கும்போதே எடுத்த படம்தான் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நிற்கும். பின்னிக்கொண்டே நடப்பவருக்கு அது கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படும். குரங்குகள் இருக்கும் இடத்தில் நூல் பையைத் திறப்பதும் வேண்டாம்.

வெட்டிய நூல் துண்டுகளைப் பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று புதரில் போடும் பழக்கம் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தீங்கு. அக்ரிலிக் நூல் மக்காது, அறுபடாது. குஞ்சுகளின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். மரத்தண்டுக்கு வண்ணப் பின்னல் போர்த்துவதையும் சோலையில் செய்ய வேண்டாம். துண்டு நூலுக்கென்று ஒரு காலி டப்பாவை எடுத்துச்சென்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

திரும்பிய பிறகு

நனைந்த பொம்மையை விடுதி அறை ஹீட்டரின் மேல் வைப்பதும், இஸ்திரிப் பெட்டியால் உலர்த்துவதும் அக்ரிலிக் நூலை நிரந்தரமாகத் தளர்த்தி வடிவத்தைக் குலைத்துவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில், தலைகீழாகத் தொங்கவிடாமல் படுக்கவைத்து உலர்த்த வேண்டும். வெளிப்புறம் காய்ந்துவிட்டது என்று பையில் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரத்தில் பூசணம் பூத்து நாற்றமெடுக்கும். இரண்டு விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

எடுத்து வைக்கும்போது பீரோவில் ஸ்வெட்டர்களோடு பொம்மையையும் சேர்த்து அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் வெகு சகஜம். அந்துப்பூச்சி தின்பது ஆட்டு ரோமம் கலந்த கம்பளியைத்தான், அக்ரிலிக்கையோ பருத்தியையோ தேடி வருவதில்லை. நாஃப்தலீன் உருண்டையின் வாசம் ஏறிய பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கவல்லது. துணிப்பையில் போட்டு, நன்கு உலர்ந்த வேப்பிலையை வேறொரு சிறு பையில் கட்டி அருகில் வைத்தால் போதும். அடுத்த முறை குழந்தையின் கையில் கொடுக்கும் முன்பு நான்கு கால்களையும் இரண்டு கொம்புகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்ந்தது எதுவோ அதை மட்டும் அதே நிற நூலால் மீண்டும் தைத்துவிடுங்கள். அதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் நூலை மிச்சம் வைத்துக்கொள்வது வழக்கம்.